ஆவாரம்பட்டை ஊரில் ஒரு கோப்பை ஊலாங்! பாலாற்றங்கரையில் சீனத் தேயிலையைத் தேடி ஒரு பயணம்

ஆம்பூரில் மாலை நான்கு மணி என்பது பிரியாணி முடிந்து டீ தொடங்கும் நேரம். மதியம் நிரம்பி வழிந்த தேக்சாக்களின் அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்கும்போது, எதிர்ப்பக்க டீக்கடையில் பாய்லர் சீறத் தொடங்கியிருக்கும். "பாய், ரெண்டு டீ... ஒண்ணு சக்கரை கம்மி" என்ற குரல்கள். ஷூ கம்பெனிகளில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களை ஏற்றிக்கொள்ள வரிசையாக நிற்கும் பஸ்கள். காற்று திசை மாறினால், மசாலா வாசனையை விலக்கிக்கொண்டு டேனரியின் வாசனையும் ஒருமுறை வந்து போகும்.

இங்கே டீ என்றால் பால் டீதான். கொதிக்கக் கொதிக்க, கெட்டியாக, நுரை ததும்ப. ஆனால், இந்த ஊரிலிருந்து தோல் வியாபாரத்துக்காக ஹாங்காங், குவாங்சோ என்று போய்வருகிறவர்களின் பெட்டியில் வேறொரு டீயும் ஏறி வரலாம். தகர டப்பாவில் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுருண்ட கரும்பச்சை இலைகள். அல்லது, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய, வறட்டி போலத் தட்டையான ஒரு வட்டம். முதலாவது ஊலாங். இரண்டாவது, பல வருடங்கள் வைத்திருந்து குடிக்கும் பூ-எர்.

'இதைப் பாலில் போட்டுக் கொதிக்க வைக்கலாமா?' என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வியாக இருக்கும். கூடாது. ஆனால், பால் டீக்கும் இந்தச் சீனத் தேயிலைக்கும் நடுவில் ஒரு பழைய உறவு இருக்கிறது. அந்த உறவைத் தோல் தொழில் செய்கிற ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். அதற்கு முன்னால், அந்த டப்பா இந்த ஊருக்கு வந்துசேரும் வழியைப் பார்த்துவிடலாம்.

தோல் போன வழியில் தேயிலை!

சென்னையிலிருந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48-ல் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்கள் வரிசையாக வரும். சற்று உள்ளே போனால் பேரணாம்பட்டு. 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு இந்த ஊர்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆனாலும், தோலும் பாலாறும் அவற்றை இன்னும் ஒரே மண்டலமாகக் கட்டி வைத்திருக்கின்றன.

இந்த மண்டலத்துத் தோல்காரர்களின் வருடாந்தர நாட்காட்டியில் முக்கியமான ஓர் ஊர் ஹாங்காங். உலகத் தோல் வியாபாரிகள் கூடும் பெரிய கண்காட்சி, கொரோனா காலத்துக்குப் பிறகு துபாய் போயிருந்த இரண்டு வருடங்களைத் தவிர, அங்கேதான் நடக்கும். 2024-ல் அது மறுபடியும் ஹாங்காங்குக்கே திரும்பியது. அங்கிருந்து எல்லை தாண்டினால் குவாங்தோங் மாகாணம். ஷூ, பை, பக்கிள், ரசாயனம், இயந்திரம் என எல்லாமே கிடைக்கிற பகுதி.

குவாங்தோங்கில் எந்தக் கடைக்குள், எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் விலை பேசுவதற்கு முன்னால் டீ வரும். மேஜை மேல் தண்ணீர் வடிய ஓட்டை போட்ட ஒரு மரத்தட்டு. அதில் கைக்குள் அடங்கும் ஒரு மண் கெண்டி. கட்டைவிரல் உயரத்தில் சில கோப்பைகள். ஒரு வாயில் முடிந்துவிடும். முடிந்த உடனே மறுபடி ஊற்றுவார்கள். இந்த முறைக்கு 'கோங்ஃபூ' என்று பெயர். சண்டைக் கலையின் பெயரும் அதுதான். 'பொறுமையாகப் பழகி வந்த திறமை' என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். குவாங்தோங்கின் கிழக்கு மூலையில் இருக்கும் சாவ்சோ பகுதி இதற்குப் பேர்போனது. சீனாவின் தேயிலைப் பக்குவங்களையும் அதைச் சுற்றியுள்ள பழக்கங்களையும் 2022-ல் யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எதிர்த் திசையிலும் ஒரு வழி திறந்திருக்கிறது. ஊலாங்கின் இன்னொரு தாயகம் தைவான். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு சிப்காட்டில், உலகப் புகழ்பெற்ற விளையாட்டு ஷூக்களைத் தைக்கும் தைவான் நிறுவனமான ஃபெங் தாய் பல வருடங்களாகச் செயல்படுகிறது. அதன் தலைமையகம் இருக்கும் யூன்லின் மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டம்தான், 'துங் திங்' என்ற புகழ்பெற்ற ஊலாங் விளையும் நான்தோ. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹோங் ஃபூ என்ற இன்னொரு தைவான் ஷூ நிறுவனத்தின் ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஊலாங் விளையும் ஊர்க்காரர்கள், பாலாற்றுப் பக்கம் குடிவரத் தொடங்கிவிட்டார்கள்.

கத்தரிக்காய் சொல்லும் ரகசியம்!

பச்சைத் தேயிலை, நம் டீத்தூள், ஊலாங், பூ-எர் எல்லாம் வேறு வேறு செடிகள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. எல்லாம் ஒரே தேயிலைச் செடி. பறித்த பிறகு இலைக்கு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வரும் கத்தரிக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய் புவிசார் குறியீடு வாங்கிய காய். அதை வெட்டி அப்படியே வைத்தால் என்ன ஆகும்? பழுப்பாகும். காயின் உள்ளே இருக்கும் ஒரு நொதி, காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. அதைத் தடுக்கத்தான் வெட்டிய உடனே தண்ணீரில் போடுகிறோம். எண்ணெயில் வதக்கிவிட்டால் அதற்குமேல் நிறம் அப்படி மாறாது.

தேயிலையிலும் இதேதான். பறித்த சூட்டோடு இலையை வாணலியில் வறுத்தோ ஆவியில் காட்டியோ நொதியை நிறுத்திவிட்டால் அது பச்சைத் தேயிலை. இலையை நன்றாகக் கசக்கி, முழுக்கப் பழுப்பாக விட்டுவிட்டால் நம்முடைய டீத்தூள். பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங். இந்தப் 'பாதி வழி' என்பது ஒரே புள்ளி அல்ல. பச்சையை ஒட்டியும் நிறுத்தலாம், கறுப்பை ஒட்டியும் நிறுத்தலாம். அதனால்தான் ஊலாங்கில் மட்டும் அத்தனை வகைகள்.

இலையை வெயிலில் வாட்டி, பிறகு மூங்கில் தட்டுகளில் போட்டு மெதுவாகக் குலுக்குவார்கள். ஓரங்கள் மட்டும் அடிபடும். சற்று ஓய்வு கொடுப்பார்கள். மறுபடி குலுக்குவார்கள். இரவு முழுக்கக்கூட இது நடக்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை இலையின் வாசனைதான் சொல்லும். பச்சைப் புல் வாடை போய், பூவாடை வரும் நேரம் பார்த்து இலையைச் சூடான வாணலியில் போட்டு நிறுத்துவார்கள். பிறகு சுருட்டி, காயவைத்து, தேவைப்பட்டால் தணலில் வறுப்பார்கள். 'ஊலாங்' என்ற சொல்லுக்குச் சீன மொழியில் 'கறுப்பு டிராகன்' என்று பொருள்.

முதல்முறை வாங்குகிறவர்கள் நான்கு பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்:

தியேகுவான்யின்: ஃபூஜியன் மாகாணத்து அன்ஷி ஊரில் விளைவது. 'இரும்புக் கருணை தேவி' என்பது பெயரின் பொருள். உருண்டையாகச் சுருண்டிருக்கும். கொதிநீர் பட்டதும் முழு இலையாக விரியும். லேசாகப் பக்குவம் செய்தது என்றால் மல்லிகையை நினைவூட்டும் பூவாசம் வரும்.

தா ஹோங் பாவ்: அதே மாகாணத்து ஊயீ மலைப் பாறைகளுக்கு இடையே பிறந்தது. தணல் வாசம், கருகிய வெல்லத்தின் சாயல். இதன் பழைய தாய் மரங்களில் இலை பறிப்பதையே 2006-லிருந்து நிறுத்திவிட்டார்கள். கடையில் கிடைப்பது அவற்றின் வழிவந்த செடிகளின் இலை அல்லது கலவை.

தான் சோங்: சாவ்சோவின் ஃபீனிக்ஸ் மலைத் தேயிலை. பழ வாசமும் பூவாசமும் தூக்கலாக இருக்கும். ஊறும் நேரம் கூடினால் கசந்துவிடும்.

துங் திங்: தைவான் வகை. வெண்ணெய்போல வழுக்கும் பதமும் லேசான வறுத்த வாசமும் கொண்டது. ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றது.

பழசுக்கு மவுசு... பூ-எர்!

பழைய அரிசியின் அருமை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். பழம்புளியைப் பானையில் உப்பு போட்டு வைத்து, வருடம் கழித்து எடுத்து ரசம் வைத்த கைகள் அவை. அவர்களுக்குப் பூ-எரைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை.

சீனாவின் தென்மேற்கு மூலையில், மியான்மர் எல்லையை ஒட்டியது யூனான் மாகாணம். அங்கே வளர்வது பெரிய இலைத் தேயிலை. நம் அஸ்ஸாம் தேயிலையின் இனம்தான் அது. இலையை வெயிலில் உலர்த்தி, ஆவி காட்டி, அழுத்தி வட்டமாக்குவார்கள். வழக்கமான ஒரு வட்டத்தின் எடை 357 கிராம். ஏழு வட்டங்களை ஒன்றாக அடுக்கி மூங்கில் பட்டையில் கட்டுவார்கள். கோவேறு கழுதைகளின் முதுகில் மலைப்பாதையில் திபெத் வரை போன சரக்கு இது. பச்சையாக அழுத்திய இந்த வட்டத்துக்கு 'ஷெங்' என்று பெயர். புதிதாகக் குடித்தால் கசக்கும், துவர்க்கும். பத்து, இருபது வருடம் காற்றோட்டமான இடத்தில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மெல்ல வேலை செய்து, அதை ஆழ்ந்த இனிப்பும் மண்வாசமும் கொண்டதாக மாற்றும்.

எல்லோராலும் இருபது வருடம் காத்திருக்க முடியுமா? 1973-ல் யூனானின் குன்மிங் தேயிலை ஆலையில் ஒரு குறுக்குவழியை உருவாக்கினார்கள். இலையைக் குவியலாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மூடி வைப்பது. குவியல் தானாகச் சூடேறும். அவ்வப்போது கிளறிவிட வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் இலை கறுத்துப் பக்குவமாகிவிடும். இது 'ஷோ' பூ-எர். நாம் இட்லி மாவைப் புளிக்க வைப்பதுபோல, இங்கேயும் வேலை செய்வது நுண்ணுயிர்கள்தான். கோப்பையில் ஊற்றினால் பிளாக் காபி போலக் கறுப்பு. ஆனால், கசப்பு குறைவு. நாக்கில் வழவழவென்று இறங்கும்.

புளிக்க வைத்த தேயிலையில் தமிழர்களோடு ஒரே மண்ணில் வாழ்ந்த இன்னொரு வகையும் உண்டு. குவாங்ஷி மாகாணத்து லியூபாவ். மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போன சீனத் தொழிலாளர்கள், அந்தப் புழுக்கத்துக்கும் ஈரத்துக்கும் மருந்துபோல் குடித்தது இதைத்தான். அதே மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் தமிழர்கள் கப்பலேறினார்கள். இன்றைய வேலூரும் ஆம்பூரும் அந்த மாவட்டத்தில் இருந்த ஊர்கள்தான். பழைய லியூபாவ் கூடைகள் பல இன்றும் மலேசியாவிலிருந்துதான் சந்தைக்கு வருகின்றன.

ஓர் எச்சரிக்கை: 'ஐம்பது வருடப் பழசு' என்று யாராவது விற்றால் அவசரப்படாதீர்கள். பூ-எரைத் தங்கம்போல வாங்கிக் குவித்து விலை ஏறி, 2007-ல் அந்தச் சந்தை சரிந்தபோது பணத்தை இழந்தவர்கள் சீனாவிலேயே ஏராளம். போலி லேபிள்களும் அதிகம். ருசி பழக, விலை குறைந்த ஒரு 'ஷோ' போதும்.

துவர்ப்பு என்னும் உறவு!

இப்போது அந்தப் பழைய உறவுக்கு வரலாம். டீ குடித்ததும் நாக்கில் ஒரு பிடிப்பு, ஓர் உலர்ச்சி தோன்றுகிறதே... அதுதான் துவர்ப்பு. இலையில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள், நம் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் அந்த உணர்வு வருகிறது. அவற்றைப் பொதுவாக 'டானின்' என்பார்கள். 'டேனரி' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான்.

ஏனென்றால், தோல் பதனிடுதலும் இதே வேலைதான். பச்சைத் தோலில் இருக்கும் புரதத்தை மரப்பட்டையின் டானின் இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு தோல் அழுகாது. தென்னிந்தியாவின் பழைய டேனரிகளில் அந்தப் பட்டை ஆவாரம்பட்டை. கூடவே கடுக்காய். வாரக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் அந்தத் தோலுக்கு 'ஈ.ஐ. தோல்' என்று உலகச் சந்தையில் தனிப்பெயர் இருந்தது. பிறகு புவிசார் குறியீடும் கிடைத்தது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பழமொழி சொன்ன அதே ஆவாரை. அதன் பூவை நம் வீடுகளில் டீயாகக் குடிக்கிறோம். பட்டை டேனரிக்குப் போனது.

தேயிலையின் டானின் தோலைப் பதனிடும் அளவுக்குக் கனமானது அல்ல. ஆனால், குணம் ஒன்றே. பால் டீயில் துவர்ப்பு குறைவதற்குக் காரணமும் இதுதான். பாலின் புரதம் முன்கூட்டியே டானினைப் பிடித்துக்கொள்கிறது. நாக்குக்கு மிச்சம் குறைவு. நல்ல ஊலாங்கில் பால் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் கௌரவம் அல்ல. அந்தத் துவர்ப்புக்குப் பின்னால் வரும் இனிப்பைப் பால் மறைத்துவிடும்.

அந்த இனிப்பு எப்படியிருக்கும்? நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஓர் இனிப்பு ஊறுமே, அதுபோல. சீனர்கள் இதை 'திரும்பி வரும் இனிப்பு' என்று சொல்கிறார்கள். டீ நல்லதா, சுமாரா என்று பார்க்க அவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

வீட்டிலேயே ருசிக்கலாமா?

தாராளமாக. சீனப் பாத்திரங்கள் கட்டாயம் இல்லை. மூடிபோட்ட சின்னப் பீங்கான் கிண்ணம் ஒன்று, எவர்சில்வர் டீ வடிகட்டி ஒன்று, சின்ன டம்ளர்கள் மூன்று. அவ்வளவுதான்.

100 மில்லி தண்ணீருக்கு 5 கிராம் இலை. உருண்டை ஊலாங் என்றால் இரண்டு டீஸ்பூன் அளவு வரும். பூ-எர் வட்டத்தைக் கையால் உடைக்காமல், கத்தி முனையால் ஓரத்திலிருந்து நெம்பி அடுக்கடுக்காக எடுக்க வேண்டும்.

தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் ஊற்றி, ஐந்து விநாடியில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இது இலையை எழுப்பும் கழுவல். அடுத்த முறை 15 முதல் 20 விநாடி ஊறவிட்டு வடிகட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து, பத்து விநாடிகள் கூட்டிக்கொண்டே போகலாம். நல்ல இலை ஆறேழு முறை தாங்கும். முதல் கோப்பையில் வாசம், மூன்றாவதில் உடம்பு, ஆறாவதில் மெல்லிய இனிப்பு என்று ஒரே இலை வெவ்வேறு முகம் காட்டும். குடிப்பதற்கு முன் கிண்ணத்தின் மூடியை எடுத்து முகர்ந்து பார்க்க மறக்காதீர்கள். பாதி ருசி அங்கேதான் இருக்கிறது.

பிரியாணிக்குப் பிறகு குடிக்கலாமா என்றால், குவாங்தோங்கில் கொழுப்பான சாப்பாட்டோடு பூ-எர் குடிப்பது வழக்கம்தான். உடல் இளைக்கும் என்ற விளம்பரங்களை மட்டும் நம்ப வேண்டாம். இதிலும் காஃபீன் இருக்கிறது. குழந்தைகளுக்கு வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். டானின், உணவில் இருக்கும் இரும்புச்சத்தையும் பிடித்துக்கொள்ளும்.

சீனா போகாமலே ஊலாங் வாங்கலாம். நீலகிரியில் சில எஸ்டேட்கள் இப்போது சொந்தமாக ஊலாங் தயாரிக்கின்றன. நீலகிரிக்கும் சீனாவுக்கும் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் சீனக் கைதிகள் நடுவட்டம் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். தாய்சோலை எஸ்டேட்டில் தேயிலை வளர்க்க அவர்கள் கைகொடுத்ததாக அந்த மலையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

எல்லாம் இருக்கு... தண்ணீர்?

இலை கிடைத்துவிட்டது. கிண்ணம் இருக்கிறது. ஆம்பூரில் ஒரு சீன டீ போடுவதற்கு உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது.

எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். தண்ணீரை அவர் மூன்று தரமாகப் பிரிக்கிறார். மலை ஊற்று முதல் தரம். ஆற்று நீர் இரண்டாம் தரம். கிணற்று நீர் கடைசி. 'தண்ணீர்தான் தேநீரின் தாய்' என்பது சீனர்களின் வழக்கு. கோப்பையில் இருப்பதில் இலையின் பங்கு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் தண்ணீர்.

இந்தத் தாயைத் தேடிக்கொண்டு பாலாற்றுக்குப் போனால், கண்ணுக்குத் தெரிவது மணல். கர்நாடகாவின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திராவைத் தொட்டு, வாணியம்பாடிக்கு மேலே தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஆறு இது. இங்கே 222 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர வேண்டும். 2021 நவம்பர்போல எப்போதாவது வெள்ளம் இரு கரையும் புரளும். மற்ற நாட்களில் ஆறு மணலுக்கு அடியில்தான். ஒரு காலத்தில் அந்த மணலைக் கையால் தோண்டினாலே தண்ணீர் ஊறும் என்று கரையோரத்துப் பெரியவர்கள் சொல்லாத வீடு இல்லை.

குன்மிங்கில் தேயிலைக்குக் குறுக்குவழி கண்டுபிடித்த அதே 1970-களில், இங்கே தோலுக்கும் வேகம் கூடியது. பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாக முடித்த தோல், ஷூ என்று தொழில் மாறியது. வாரக்கணக்கில் ஊறவைக்கும் ஆவாரம்பட்டையின் இடத்தை, ஒரே நாளில் வேலையை முடிக்கும் குரோமியம் பிடித்தது. ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சொந்தச் சம்பளம் கொடுத்தது இந்த வளர்ச்சிதான். ஆனால், அதன் கழிவு தண்ணீரில் போய்ச் சேர்ந்தது. குரோமியம் மட்டுமல்ல, தோல் கெடாமல் இருக்கப் பூசிய உப்பும்தான்.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு சொன்னது. டேனரி மண்டலத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. ஒரு கிலோ தோலை முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஆழமாக ஊன்றிய தீர்ப்பு இது. இன்று உலகெங்கும் சட்ட மாணவர்கள் 'வேலூர்' என்ற பெயரைப் படிப்பது இந்த வழக்கால்தான். அதே ஆண்டு டிசம்பரில் கொல்கத்தா டேனரிகள் இடம்பெயர வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. அதில் அடிபட்டவர்களில், தாங்ரா பகுதியில் தலைமுறைகளாகத் தோல் பதனிட்டு வந்த ஹக்கா சீனர்களும் உண்டு.

அதன் பிறகு மாற்றங்கள் வராமல் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் முறையும் வந்தது. ஆனாலும், கதை முடியவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி இதே பாலாற்றுக்காக, இழப்பீட்டையும் கண்காணிப்புக் குழுவையும் பற்றி உத்தரவிட வேண்டியிருந்தது.

மூன்று டம்ளர் சோதனை!

இந்தக் கதையை ஒரு மாலையில், வீட்டு மேஜையிலேயே ருசித்துப் பார்த்துவிடலாம். மாசு இல்லை என்று தெரிந்த, நீங்கள் குடிக்கப் பயன்படுத்தும் தண்ணீரில் மட்டும் இதைச் செய்யுங்கள். டேனரியை ஒட்டிய கிணறு, போர் வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். உப்பும் உலோகமும் போகாது.

ஒரே ஊலாங். ஒரே அளவு. ஒரே நேரம். தண்ணீர் மட்டும் வேறு. முதல் டம்ளரில் குடிக்க உகந்த கடினமான நிலத்தடி நீர். இரண்டாவதில் ஆர்.ஓ. கேன் தண்ணீர். மூன்றாவதில் நகராட்சிக் குழாயில் வரும் குடிநீர்.

கடினமான தண்ணீரில் டீ கலங்கும். ஆறியதும் மேலே மெல்லிய ஏடு படியும். பூவாசம் அமுங்கிப்போகும். ஆர்.ஓ. தண்ணீரில் நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் ருசி தட்டையாகத் தோன்றலாம். தாது உப்புகள் அறவே குறைந்தாலும் டீக்கு உடம்பு வராது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்திய தர நிர்ணயம். டீ ரசிகர்கள் 50 முதல் 150 வரை இருந்தால் சந்தோஷப்படுவார்கள். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மூன்றாவது டம்ளர்தான் சுவாரஸ்யமானது. இந்தப் பகுதி ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருவது பாலாற்று நீர் அல்ல, காவிரி. மலையேறி வருகிற அந்தத் தண்ணீர்தான் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஏறித் தவித்த சென்னைக்கும் போனது. ஒரு ரயிலில் 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். பாலாற்றங்கரையில் உட்கார்ந்து, சீன இலையை, காவிரித் தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பதுதான் இன்றைய ஆம்பூரின் ஊலாங்.

அந்தக் கோப்பையில் துவர்ப்பு வரும். பிறகு, நெல்லிக்காய் தின்றதுபோல் இனிப்பும் வரும். பக்கத்தில் இருக்கும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஒரு டம்ளரை நீட்டிவிட்டு, 'பாலாத்துத் தண்ணி முன்னே எப்படி இருந்துச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். பூ-எர் வட்டத்தைவிடப் பழைய ருசி ஒன்று அவர்கள் நினைவில் இருக்கும். ஏழு முறை இலை ஊறி முடிவதற்குள் அது முழுதாக வெளியே வந்துவிடும்.

இலையைக் கழுவிய அந்த முதல் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். ஆறியதும் தொட்டிச் செடிக்கு ஊற்றுங்கள். இந்த ஊரில் ஒரு டம்ளர் தண்ணீரும் கணக்கில் வரும்.